பழகுநர்

அறக்கட்டளைச் சொற்பொழிவு, ராயப்பன்பட்டி



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், ஒரு வேலை தெரியாதவரை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம் என்பது. தெரியாதவர், பழகாதவர், புதிதாக வந்தவர், பாதி தெரிந்தவர் ஆகிய இவர்களுக்கெல்லாம் தமிழில் ஏராளமான சொற்கள் உண்டு. அவற்றில் சில ஆளை வளர்க்கின்றன, சில ஆளை முடக்குகின்றன. ஐந்தாம் வகுப்பில் 'மக்கு' என்று பெயர் வாங்கிய பிள்ளை பத்தாம் வகுப்புவரை அந்தப் பெயரைச் சுமக்கிறது. கூலிப் பதிவேட்டில் 'திறன்பெறாதவர்' என்று ஏறிய பெண் சாகும்வரை அப்படியே இருக்கிறார். ஆகவே, இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது அவசியமான வேலை என்று நினைக்கிறேன். அதை இந்த ஊரிலிருந்து தொடங்குவதே சரி.

சண்முகாநதி அணைக்குக் கீழே, ஆனைமலையான்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி என்று நீளும் இந்த வட்டாரம் பன்னீர் திராட்சைக்குப் பேர்போனது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்றிதழ் மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் பாராட்டுகிறது. கையைப் பற்றியும் அதில் இரண்டு வரி இருந்திருக்கலாம். கவாத்து வெட்டத் தெரியாத கையில் எவ்வளவு நல்ல மண்ணும் பழம் தராது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். பந்தலில் படர்ந்திருக்கும் கொடியைக் குறிப்பிட்ட பருவத்தில் வெட்டிவிடுவதுதான் கவாத்து. வெட்டியதிலிருந்து ஏறத்தாழ 120 நாளில் பழம் அறுவடைக்கு வரும். எந்தக் கிளையில் எத்தனை கண் விட்டு வெட்டுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. பன்னீர் ரகத்தில் நன்றாக முற்றிய கிளைக்கு நான்கு கண், மெலிந்த கிளைக்கு ஒன்றோ இரண்டோ கண் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. காகிதத்தில் இது ஒரு வரிதான். எது முற்றியது, எது மெலிந்தது என்பதை நிறம், பருமன், கையில் பிடித்தால் தெரியும் உறுதி இவற்றைக் கொண்டு நொடியில் தீர்மானிக்க வேண்டும். தலைக்கு மேலே கையைத் தூக்கியபடி, நாள் முழுவதும், ஆயிரக்கணக்கான கிளைகளுக்கு இப்படித் தீர்மானிக்க வேண்டும். தப்பாக வெட்டினால் அந்தக் கிளையில் அந்தப் போகத்துக்குக் குலை கிடையாது. அறுவடையும் அப்படித்தான். குலையைக் காம்போடு பிடித்து வெட்டி, அழுகலையும் பழுக்காததையும் கத்திரியால் கழித்து, பழத்தின் மேலிருக்கும் வெண்பூச்சு கலையாமல் பெட்டியில் அடுக்க வேண்டும். பூச்சு கலைந்த பழத்தைச் சந்தையில் பழையது என்று நினைப்பார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பையனைப் பற்றி மூத்தவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். "இன்னும் கை திருந்தல" என்பார்கள். "கைவாகு வரல", "புதுக்கை", "வெவரம் பத்தாது", "பழகுனா வந்துரும்" என்பார்கள். கோபம் வந்தால் "கூறுகெட்ட பய" என்றும் சொல்வார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலைப் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது முதலில் சொன்னவைதான்.

அந்தச் சொற்களின் இலக்கணத்தை யோசித்துப் பாருங்கள். 'திருந்தல', 'வரல' என்பவற்றில் குறை கைக்கு உரியது, ஆளுக்கு உரியதாகச் சொல்லப்படவில்லை. முன்னால் 'இன்னும்' இருக்கிறது. இன்னும் வரவில்லை என்றால் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு அந்த வாக்கியத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 'பத்தாது' என்பது அளவுச் சொல். இருப்பது போதவில்லை, சேர்த்தால் போதும் என்று அதற்குப் பொருள். கொத்து வேலையில் சித்தாள், நிமிந்தாள், கொத்தனார், மேஸ்திரி என்று ஒரு படிக்கட்டே இருக்கிறது. சித்தாள் என்ற சொல் ஆள் நிற்கும் படியைத்தான் காட்டுகிறது. பல பெண்களை வாழ்நாள் முழுவதும் அந்தப் படியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பது வேறு கொடுமை. அந்தப் பழி நம்மைச் சேரும், சொல்லைச் சேராது.

'கற்றுக்குட்டி' என்ற சொல்லையும் இந்த வரிசையில் வைக்கலாம். நகரத்துப் பேச்சில் இன்று அது இளக்காரமாகிவிட்டது. ஆனால் கற்கிற குட்டி என்பதில் இளமைதான் இருக்கிறது. 'பிஞ்சு' என்பதும் அப்படிப்பட்டதே. பழுக்க வேண்டியதற்குத்தான் பிஞ்சு என்று பெயர். 'பேதை' என்ற சொல்லின் வரலாறு இன்னும் அழகானது. பெண்ணின் ஏழு பருவங்களில் முதல் பருவத்துக்குப் பேதை என்று பெயர். அடுத்து பெதும்பை, பிறகு மங்கை, இப்படிப் பேரிளம்பெண்வரை போகும். அறியாமை என்பது முதல் பருவம் என்று நம் முன்னோர் வகுத்திருக்கிறார்கள். மதுரைக்கும் தேனிக்கும் உரிய 'வெள்ளந்தி' என்ற சொல்லில் உலக அனுபவம் இல்லாதவர்மீது ஒரு பாசமே இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிற வட்டாரத்துத் தமிழர்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். 'தற்குறி' என்று யாரையாவது திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அது பிறக்கும்போது வசையாகப் பிறக்கவில்லை. எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாக இடும் அடையாளத்துக்குத் தற்குறி என்று பெயர். பழைய கிரயப் பத்திரங்களில் 'இன்னார் கீறல்' என்று எழுதி ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் போட்டவர் நிலத்தை விற்றிருப்பார், வாங்கியிருப்பார், மகளுக்கு எழுதி வைத்திருப்பார். அந்த அடையாளம் அவருடைய உரிமையின் சாட்சி. அந்தச் சொல் மெல்ல மெல்லக் காகிதத்திலிருந்து இறங்கி ஆளின்மேல் ஒட்டிக்கொண்டது. 'கைநாட்டு' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். ஒரு செயலின் பெயர் ஒரு மனிதனின் பெயராகி, பிறகு ஏச்சாகிவிட்டது. எழுத்தறியாதவர் நிலத்தின் எல்லையை அடி பிசகாமல் சொல்வார், நான்கு தலைமுறை வரவு செலவை மனத்தில் வைத்திருப்பார். அந்த அறிவுக்கு ஒரு சொல் வைக்காமல், அவரிடம் இல்லாத ஒன்றுக்கு மட்டும் பெயர் வைத்தோம்.

இப்படிச் சொன்னால் ஒரு கேள்வி எழும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவே கூடாதா? மருந்து தெளிக்கத் தெரியாதவர் கையில் விசைத்தெளிப்பானைக் கொடுத்துவிட்டு, மனம் நோகும் என்று சும்மா இருப்பதா? கூடாது. கவாத்தில் தவறினால் போகம் போகும், மருந்தில் தவறினால் உயிர் போகும். தெரியாது என்று கறாராகச் சொல்ல வேண்டிய இடம் உண்டு. கடுஞ்சொற்களும் மொழிக்குத் தேவைதான். அவற்றை யார்மீது வைப்பது என்பதைத் தமிழ் மரபு நன்றாகவே தெரிந்து வைத்திருந்தது.

திருக்குறளில் கல்லாமைக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது, அது 41-ஆவது. அதன் தொடக்கத்தில் வள்ளுவர் கண்டிப்பது, படிக்காமலே கற்றவர் அவையில் பேசப் புறப்படுகிறவரை. இன்னும் முன்னே போனால் 84-ஆவது அதிகாரம் பேதைமை, அடுத்த 85-ஆவது புல்லறிவாண்மை. கொஞ்சம் தெரிந்துகொண்டு எல்லாம் தெரிந்ததாக நினைப்பவருக்கு அங்கே தனியாக ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். நம்முடைய ஊர்ப் பழமொழியும் இதையே செய்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரியாததை யாரும் குற்றம் சொல்லவில்லை. கூடத்தின் மேல் பழிபோட்டதைத்தான் சொல்லிச் சிரித்தார்கள். 'அரைகுறை', 'அரைவேக்காடு' என்ற சொற்களை நான் இந்த வேலைக்கென்றே வைத்துக்கொள்வேன். தெரியாமல் தெரிந்ததாகக் காட்டுகிறவருக்கு அவை பொருந்தும். கற்றுக்கொள்ள வந்து நிற்கும் பையனுக்கு அவற்றைச் சூட்டினால் சொல்லும் கெடும், பையனும் கெடுவான்.

ஆசிரியர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பதால் நன்னூலைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த இலக்கண நூல் அது. அதன் பொதுப்பாயிரத்தில் மாணவர்களை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று தரம் பிரித்திருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். 'எருமை' என்று பிள்ளையைத் திட்டுகிற ஆசிரியர் நன்னூலைத் துணைக்கு அழைக்கவும் கூடும். ஆனால் அதே பாயிரம் ஆசிரியர் ஆகத் தகாதவரையும் தரம் பிரித்திருக்கிறது. கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பவை அவை. கழற்சிக்காயை நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் காய் வராது. படித்ததை வரிசை குலைத்துச் சொல்லும் ஆசிரியர் கழற்குடம். மட்டை சூழ்ந்த பனை, தானாகப் பழம் விழுந்தால் தவிர யாரையும் ஏறிப் பறிக்க விடாது. பஞ்சு அடைத்த குண்டிகையில் போடுவதும் கடினம், எடுப்பதும் கடினம். வளைந்த தென்னை, தண்ணீர் ஊற்றி வளர்த்தவரை விட்டுவிட்டு அடுத்தவர் வாசலில் காய் போடும். ஒரு மாணவனுக்கு வேலை வரவில்லை என்றால் குறை எங்கே இருக்கலாம் என்று தேட, கற்பிப்பவர் பக்கமும் ஒரு பட்டியலை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் பவணந்தி. முதல் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்வது நியாயமாகாது.

இன்னும் ஒரு கணக்கு அதே பாயிரத்தில் வருகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் புலமையில் கால் பங்குதான் கிடைக்கும். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்குச் சொல்லும்போதுதான் நிறையும். இந்தக் கணக்குப்படி பார்த்தால், பிறருக்குச் சொல்லித் தராத எவரும் பாதி கற்றவரே. பந்தலில் ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்தி, "அது வேண்டாம், இங்க வெட்டு" என்று சொல்லும் பெரியவர் தன் கல்வியின் மீதிப் பாதியை அங்கேதான் முடிக்கிறார்.

புதியவரை மதிப்பதோடு நிற்காமல், அவரை நடுவில் உட்கார வைக்கும் வழக்கங்களும் நம்மிடம் இருக்கின்றன. கார்த்திகை பிறந்தால் கம்பம் சாலையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சபரிமலைக்குப் போகும் வண்டிகள் குமுளியை நோக்கி இரவு பகலாக வரும். நெரிசல் கூடினால் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் முதல் முறை மாலை போட்டவருக்குக் 'கன்னிச்சாமி' என்று பெயர். பதினெட்டு ஆண்டு மலைக்குப் போய், தென்னங்கன்று கொண்டுபோனவர் குருசாமி. ஒருவருக்கு அனுபவம் துளியும் கிடையாது, மற்றவருக்கு அனுபவம் முழுமை. ஆனாலும் கன்னிபூஜை நடப்பது கன்னிச்சாமியின் வீட்டில்தான். சரங்குத்தி என்னும் இடத்தில் அவர்தான் சரக்கோல் குத்த வேண்டும். கன்னிச்சாமி ஒருவர்கூட வராத ஆண்டில் மாளிகைப்புறத்தம்மனை ஐயப்பன் மணந்துகொள்வார் என்பது ஐதீகம். அந்த அம்மன் ஒவ்வோர் ஆண்டும் சரங்குத்திக்கு வந்து, குத்தியிருக்கும் கோல்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். புதியவர் வருவது நிற்காதவரை அந்த விரதமும் நிற்காது என்ற எண்ணம் இந்தக் கதையில் இருப்பதாக நான் கொள்கிறேன். அனுபவமின்மைக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுத்த சொல்லை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

கத்தோலிக்கர்கள் நிறைந்த இந்த ஊரில் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். துறவற சபைகளில் புதிதாகச் சேர்ந்தவரை 'நவதுறவி' என்கிறோம். அந்தக் காலம் பன்னிரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். புதியவராக இருப்பதற்கென்றே ஒரு முழு ஆண்டை ஒதுக்கித் தருகிறார்கள், அவசரப்படுத்துவதில்லை. இந்த ஊர்ப்பெயரில் இருக்கும் ராயப்பன் என்ற பெயரோ, தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் புனித பேதுருவின் பெயர். பாறை என்று பொருள்படும் பெயரைக் கல் என்னும் பொருளுடைய 'ராய்' என்ற சொல்லைக் கொண்டு தமிழாக்கியிருக்கிறார்கள். அவர் மீனவர். திருத்தூதர் பணிகள் நான்காம் அதிகாரத்தில், அவரும் யோவானும் எருசலேம் தலைமைச் சங்கத்தின் முன் நின்று பேசும்போது, இவர்கள் கல்வியறிவில்லாத சாதாரண மனிதர்கள் ஆயிற்றே என்று அங்கிருந்தவர்கள் வியக்கிறார்கள். கிரேக்க மூலத்தில் அங்கே வரும் ஒரு சொல்லுக்கு, பதவியோ துறைப்பயிற்சியோ இல்லாத தனியாள் என்றுதான் பொருள். அதே சொல்தான் நாடு நாடாகப் போய், கடைசியில் ஆங்கிலத்தில் 'இடியட்' ஆயிற்று. தற்குறிக்கு நேர்ந்தது அதற்கும் நேர்ந்திருக்கிறது. பயிற்சி இல்லாதவரை அறிவு இல்லாதவராக்கும் வழக்கம் ஒரு மொழிக்கு மட்டும் உரியதல்ல.

இப்போது அரசாங்கத்தின் தமிழுக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தில்தான்.

நூறு நாள் வேலை என்று நாம் சொல்லிவந்த திட்டத்துக்கு அடிப்படை 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம். அது தரும் வேலையை 'திறன் சாராத உடலுழைப்பு' என்று வகைப்படுத்தியது. எந்தத் திறனும் தனிப்பயிற்சியும் இல்லாமல், வயதுவந்த எவரும் செய்யக்கூடிய உடலுழைப்பு என்று அதற்கு விளக்கமும் தந்தது. ஏழைக்கு வேலை மறுக்கப்படக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட வரி அது. அந்தத் திட்டம் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்தது என்பதையும் நன்றியோடு சொல்கிறேன். ஆனால் வாய்க்கால் தூர்வாரியவர்களைக் கேளுங்கள். தண்ணீர் தேங்காமல் ஓடும்படி வாட்டம் பார்த்து மண் எடுப்பது எவரும் செய்யக்கூடிய வேலையா? கரையில் மண்ணை எவ்வளவு சரிவாகப் போட்டால் மழைக்கு நிற்கும் என்பது பிறக்கும்போதே தெரிந்து வந்ததா? 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் திறன்பெறாதவர், பாதித் திறன் பெற்றவர், திறன் பெற்றவர், உயர்திறன் பெற்றவர் என்ற பிரிவுகளின்படி குறைந்தபட்ச ஊதியத்தை வகுக்க வழிசெய்கிறது. சான்றிதழ் இல்லாத கைத்திறன் இந்தத் தட்டுகளில் பெரும்பாலும் அடித்தட்டில்தான் போய் விழுகிறது. முப்பது ஆண்டு பழம் வெட்டிய அக்கா அங்கே நேற்று வந்தவரோடு ஒரே வரியில் நிற்கிறார். சொல் தவறினால் கூலி தவறும், ஆகவே இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல.

இதில் எனக்கு நம்பிக்கை தருவது, இதற்கான மாற்றுச் சொல்லை அரசாங்கமே முன்பே செய்து வைத்திருக்கிறது என்பதுதான். வண்டி ஓட்டப் பழகுபவருக்குத் தரும் உரிமத்துக்குத் தமிழில் 'பழகுநர் உரிமம்' என்று பெயர். ஆறு மாதம் அது செல்லும். வண்டியில் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத வேண்டும். உரிமம் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் விதி. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு என்று நினைத்துப் பாருங்கள். 'ஓட்டத் தெரியாதவர் உரிமம்' என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. இன்ன காலம் என்று எல்லை சொல்லி, தெருவில் போவோர் விலகிப் பொறுத்துப்போக அடையாளம் தந்து, துணைக்கு ஓர் ஆளையும் உட்கார வைத்திருக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டின் சட்டப்படி தொழிற்சாலையில் வேலை பழகுபவரும் 'தொழிற்பழகுநர்'தான். அவருக்கு உதவித்தொகை உண்டு, பயிற்சிக்காலம் உண்டு, முடிவில் சான்றிதழ் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடிப்பவருக்கும் லேத்தைத் தொடுபவருக்கும் கிடைத்த இந்தச் சொல், கத்திரி பிடித்துப் பந்தலுக்குள் வருகிறவருக்கு ஏன் கிடைக்கவில்லை?

சொல்லை மாற்றுவது முடியாத காரியமும் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, மாலையில் தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்த பெரியவர்களைக் 'கற்போர்' என்று அழைத்தார்கள். அதுவரை கைநாட்டு என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள். புதுக்கோட்டையில் அந்தப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு சாலைக்கு வந்தது நாடறிந்த செய்தி. அதற்கு எத்தனையோ பேருடைய உழைப்பு காரணம். அந்தச் சொல்லுக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது என்று உறுதியாக நம்புகிறேன். கைநாட்டு என்று கூப்பிட்டால் வராதவர்கள் கற்போர் என்றால் வருவார்கள்.

இந்த அவையின் முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். பக்கத்தில் ஆனைமலையான்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஊரில் பள்ளி இருக்கிறது. மேல்வகுப்பு மாணவர்கள் ஒரு போகம் முழுவதும் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கவாத்திலிருந்து பெட்டி அடுக்குவதுவரை ஒவ்வொரு வேலைக்கும் என்ன சொல், அது வராதவரை என்ன சொல்கிறார்கள், வந்தபிறகு என்ன சொல்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாத் திராட்சையில் வேலையும் வேறு, சொல்லும் வேறாக இருக்கலாம். அங்கேயும் போய்க் கேளுங்கள். எந்த வேலை கைவர எத்தனை போகம் ஆகும் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். 'எவரும் செய்யக்கூடிய வேலை' என்று சட்டம் சொல்லும்போது, இல்லை, இதற்கு இத்தனை போகம் பழக வேண்டும் என்று காட்ட நம் கையில் ஓர் ஆவணம் இருக்கும்.

இரண்டாவது வேண்டுகோள் தோட்டக்காரர்களுக்கு. கூலிக் குறிப்பில் புதிதாக வந்தவரைப் 'பழகுநர்' என்று எழுதுங்கள். அவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். சொல்லிக்கொடுத்த நாளில் அவருடைய வேலை கொஞ்சம் குறைந்திருக்கும். அதற்காகக் கூலியைப் பிடிக்காதீர்கள், முடிந்தால் கூட்டிக் கொடுங்கள்.

கேள்வி நேரம் இருக்கிறது என்று சொன்னார்கள். நான் பதில் சொல்வதைவிட, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காமார் யாராவது முன்னால் வந்து, முதன்முதலாகக் கத்திரி பிடித்தபோது தங்களை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று பேசினால் மாணவர்களுக்குப் பயன்படும். மைக்கை அங்கே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.